ஸ்டென்ட் வைத்தபின் வரும் பயத்துக்கு எது உதவும்: போனா, இணையப் பயிற்சியா, சாட்பாட்டா?

அடைத்துக்கொண்ட இதய ரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட்டை வைத்து டிஸ்சார்ஜ் ஆகும்போது நீளமான மாத்திரைச் சீட்டு கிடைக்கும். எண்ணெயைக் குறை, உப்பைக் குறை, தினமும் நட என்று அறிவுரையும் உண்டு. ராத்திரி 2 மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் "தைரியமா இருங்க" என்பதோடு சரி. மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தீவிர மனச்சோர்வு வருகிறது. இதய நோயாளிகளிடம் அதைக் கேட்டுப் பாருங்கள் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2008லேயே சொல்லிவிட்டது. கேட்கிற டாக்டர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் போன், இணையப் பயிற்சி, சாட்பாட், கைக்கடிகாரம் என்று ஆளுக்கொன்று வந்து நிற்கிறது. இவற்றை எடைபோட நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இதயத்தைப் பற்றி இதற்கு ஏதாவது தெரியுமா? சாதாரணப் பதற்றக்காரரிடம் "ஒன்றுமில்லை, மூச்சை இழுத்து விடுங்கள்" என்று சொல்லிவிடலாம். இதய நோயாளிக்கு அந்தப் படபடப்பு சில சமயம் நிஜமாகவே ஏதாவது ஒன்றாக இருக்கும். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, சிக்கலே அதுதான்.

முதலில் போன். பழைய கருவிதான், ஆனால் நல்ல சான்று உள்ளது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பைபாஸ் முடிந்து மனச்சோர்வில் இருந்த 302 பேரை வைத்து நடந்த ஆய்வு 2009ல் வெளியானது. அதில் ஒரு பாதிப் பேருக்கு நர்ஸ்கள் வீட்டுக்கே போன் செய்து பேசினார்கள், பின்னால் மருத்துவர் குழு ஒன்று வழிகாட்டியது. எட்டு மாதத்தில் அவர்களின் மனநிலை மற்றவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டது. கூடுதலாகப் பயன்பெற்றவர்கள் ஆண்கள். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று வீட்டில் சாதிக்கிற அப்பாக்கள் போனில் ஒரு நர்ஸிடம் மனம் திறப்பார்கள் என்பதை நம்பவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

இணையப் பயிற்சியில் கதை இரண்டாகப் பிரிகிறது. இரண்டு ஆய்வுகள், இரண்டுமே ஸ்வீடனில் நடந்தவை, இரண்டிலும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிப் பழகும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான். மாரடைப்பு வந்த 239 பேரை எடுத்துக்கொண்ட முதல் ஆய்வு 2018ல் வந்தது. பயிற்சி தரப்பட்டவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் அறிமுகப் பாடத்தையே முடிக்கவில்லை. கடைசியில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. மறுவருடம் வந்த இன்னொன்றில் 144 பேர், ஒன்பது வாரம். இதய நோயாளிகளைப் பார்த்துப் பழகிய நர்ஸ்கள் பின்னூட்டம் எழுதினார்கள். மனச்சோர்வு உண்மையிலேயே குறைந்தது. நேரம், ஆட்கள், பாட அமைப்பு என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் அந்த நர்ஸ்கள்தான் காரணம் என்பது என் ஊகம்.

எனக்கு மிகவும் பிடித்தது 2023ல் ஸ்வீடனிலிருந்தே வந்த மூன்றாவது ஆய்வு. அவ்வப்போது இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள 127 பேர், பத்து வாரம். இவர்கள் மாடி ஏறுவதை நிறுத்திவிடுகிறார்கள், தனியாக வெளியே போவதில்லை, நாளெல்லாம் மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்க்கிறார்கள். பயிற்சி அதை அப்படியே தலைகீழாக்குகிறது. வேண்டுமென்றே உடலை அசைத்துத் துடிப்பை ஏறவிட்டு, நாடியைத் தொடாமல், அது தானாக இறங்கும்வரை அப்படியே இருக்கச் சொல்கிறது. வெறும் விளக்கக் கல்வி பெற்றவர்களைவிட இவர்களின் வாழ்க்கைத் தரம் நன்றாக உயர்ந்தது. டாக்டரைக் கேட்காமல் இதை யாரும் வீட்டில் முயல வேண்டாம், ப்ளீஸ்.

நாடி பார்க்கும் விரலின் வேலையை இப்போது ஸ்மார்ட்வாட்ச் செய்கிறது. 2024ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அதே நோயுடன் வாட்ச் கட்டியவர்களில் ஐந்தில் ஒருவர் அதன் எச்சரிக்கையைப் பார்த்துக் கடுமையாகப் பயந்திருக்கிறார்கள். துடிப்பைக் கண்டுபிடிக்க வாட்ச் நல்லது, மனத்துக்கு மருந்தாக யாரும் வாங்க வேண்டாம்.

சாட்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ராத்திரி 2 மணிக்கும் பதில் வரும், அது பெரிய விஷயம்தான். ஆனால் உங்கள் நெஞ்சுவலி எந்த வகை என்று அதற்குத் தெரியாது. பெயர்பெற்ற மனநல சாட்பாட்டான வோபாட் 2025 ஜூன் இறுதியில் கடையைச் சாத்தியது, பழகியவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

சரி, தமிழ்நாட்டில் கைக்கெட்டுவது எது? 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல சேவை, எண் 14416. இங்கே 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. இலவசம், 24 மணி நேரம், தமிழில் பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு மாற்றுவார். குறை என்னவென்றால் இது பொதுவான மனநல சேவை, பிட்ஸ்பர்க் நர்ஸ் மாதிரி உங்கள் இதயக் கதை தெரிந்து அவராக உங்களை அழைக்கும் ஏற்பாடு அல்ல. இருந்தாலும் சாட்பாட் மாதிரி செயலிக்கும் இதற்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். நெஞ்சை அழுத்துகிற வலி, வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் மட்டும் 14416 வேண்டாம், நேராக 108.

அழைக்கும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் பட்டியலில் தூக்கம், பசி, அசதி பற்றியும் கேட்பார்கள். இதயம் பலவீனமானவருக்கு இவை மனச்சோர்வு இல்லாமலேயே இருக்கும், பேசுபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மாத்திரை பற்றிய பேச்சு வந்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மனச்சோர்வுக்குப் பரவலாகத் தரும் மாத்திரைகள் இவற்றோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். அந்த மனச்சோர்வு மாத்திரைகளில் செர்ட்ராலின் மாரடைப்பு வந்தவர்களுக்குப் பாதுகாப்பானது என்று 2002லேயே 369 பேரிடம் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்றான சிட்டலோப்ராம் அதிக அளவில் போனால் இதயத்தின் மின்னோட்டத்தையே பாதிக்கும். எது, எவ்வளவு என்பதை மனநல மருத்துவரும் உங்கள் கார்டியாலஜிஸ்ட்டும் பேசி முடிவு செய்யட்டும்.