ஓப்பன்விஸ்க்கைப் பல சர்வர்களில் நிறுவ: ஆன்சிபிளா, ஹெல்மா?

நாம் எழுதும் சிறு நிரல்களை (ஃபங்ஷன்களை) அழைப்பு வரும்போது ஓட்டித் தரும் மென்பொருளான ஓப்பன்விஸ்க்கை ஒரே கணினியில் முயன்று பார்ப்பது எளிது. ஜாவாவும், நிரல்களைக் கண்டெய்னர் எனும் தனித்தனிச் சூழல்களில் ஓட்டும் டாக்கரும் இருந்தால், ஒரு ஜார் கோப்பை ஓட்டியதுமே 3233 ஆம் போர்ட்டில் அது இயங்கத் தொடங்கிவிடும். பல சர்வர்களுக்குப் பரப்பும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஐபிஎம் 2016-இல் அறிமுகப்படுத்தி, பின்னர் அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்த இந்த சர்வர்லெஸ் தளத்தில் (நிரல் எழுதுபவர் சர்வரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாத தளத்தில்), முகப்பில் நிற்கும் என்ஜின்எக்ஸ், கோரிக்கைகளைப் பங்கிடும் கண்ட்ரோலர், அவற்றைக் கடத்தும் காஃப்கா, தரவைக் காக்கும் கவுச்டிபி, ஃபங்ஷன்களைக் கண்டெய்னரில் ஓட்டும் இன்வோக்கர் என்று பல உறுப்புகள் உள்ளன. எது எந்த சர்வரில் அமர வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது என்பதில்தான் ஆன்சிபிள், ஹெல்ம் என்ற இரு நிறுவல் கருவிகளின் வழிகளும் பிரிகின்றன.

ஆன்சிபிளில் அதை நாமே எழுதி வைக்கிறோம். ஹோஸ்ட்ஸ் கோப்பில் கண்ட்ரோலர்கள், காஃப்கா, இன்வோக்கர்கள் எனத் தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் சர்வர்களின் ஐபி முகவரிகளைக் குறித்துவிட்டு, பிளேபுக்குகளை (நிறுவல் படிகளை எழுதிய கோப்புகளை) வரிசை தவறாமல் ஓட்ட வேண்டும். எந்த உறுப்பு எங்கே ஓடுகிறது என்பது அந்தக் கோப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இந்தத் தெளிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் முதல் நிறுவலுக்கென்று உள்ள 'வைப்' (wipe, அதாவது அழித்தல்) பிளேபுக்கை, ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பின்மேல் பழக்கதோஷத்தில் மறுபடி ஓட்டினால், சேமித்த ஃபங்ஷன்கள் அழிந்துபோகும். நள்ளிரவில் ஒரு சர்வர் விழுந்தாலும், யாரேனும் எழுந்து கோப்பைத் திருத்தி மீண்டும் ஓட்டும்வரை அதிலிருந்த உறுப்பு வேறிடத்துக்குப் போகாது.

ஹெல்ம் அந்தப் பொறுப்பை, கண்டெய்னர்களைப் பல சர்வர்களில் பங்கிட்டு நிர்வகிக்கும் குபர்னெட்டிஸிடம் விடுகிறது. புதிய சர்வரைக் கிளஸ்டரில் (குபர்னெட்டிஸ் ஆளும் சர்வர் கூட்டத்தில்) சேர்த்து, 'ஓப்பன்விஸ்க்-ரோல்' என்ற லேபிளுக்கு 'இன்வோக்கர்' என மதிப்புக் கொடுத்தால், ஃபங்ஷன்களுக்கான பாட்கள் (குபர்னெட்டிஸ் கண்டெய்னர்களை வைத்து ஓட்டும் அலகுகள்) அங்கும் எழத் தொடங்கும். ஐந்தாவது சர்வருக்கும் ஐம்பதாவது சர்வருக்கும் வேலை இவ்வளவுதான் என்பதால், எளிமை என்ற சொல் இந்த வழிக்கே கூடுதலாகப் பொருந்துகிறது. இதற்கு வேகத்தில் ஒரு விலை உண்டு: ஒவ்வொரு புதிய கண்டெய்னரும், எதை எங்கே ஓட்டுவது என முடிவெடுக்கும் குபர்னெட்டிஸ் ஷெட்யூலர் வழியாகவே பிறப்பதால், ஃபங்ஷனின் முதல் அழைப்பு தாமதமாகிறது. இன்வோக்கர் டாக்கரிடம் நேரடியாகப் பேசும் மாற்றுவழியும் இருந்தது. 2022-இல் வந்த குபர்னெட்டிஸ் 1.24, டாக்கரோடு தன்னை இணைத்த டாக்கர்ஷிம்மை நீக்கியபின், டாக்கருக்குப் பதிலாகக் கண்டெய்னர்டி ஓடும் கிளஸ்டர்களில் அது பயன்படாது.

சேமிப்பிடம்தான் ஹெல்மில் பலரும் இடறும் இடம். சொந்த சர்வர்களில் அமைத்த கிளஸ்டரில் இயல்புநிலை ஸ்டோரேஜ் கிளாஸ் (சேமிப்பிடத்தைத் தானாக ஒதுக்கித் தரும் அமைப்பு) இல்லையென்றால், கவுச்டிபியின் வால்யூம் (சேமிப்பிடம்) கோரிக்கை 'பெண்டிங்' நிலையிலேயே கிடக்க, அதை நம்பியிருக்கும் மற்றவையும் எழாமல் காத்திருக்கும்.

மூன்று நான்கு சர்வர்கள் மட்டுமே, குபர்னெட்டிஸைப் பராமரிக்கவும் ஆளில்லை என்றால் ஆன்சிபிளையே பரிந்துரைப்பேன். சர்வர்கள் பெருகும் என்று தெரிந்தால், கே3எஸ் போன்ற இலகுவான குபர்னெட்டிஸ்மேல் ஹெல்மை ஓட்டுவது நல்லது. கே3எஸ் ஸ்டோரேஜ் கிளாஸையும் உடன் கொண்டுவருகிறது. ஆனால் அது தரும் வால்யூம் ஒரே சர்வரின் வட்டில் இருப்பதால், அந்த சர்வர் போனால் கவுச்டிபியும் போகும். ஆகவே தரவுத்தளத்தை மட்டும் கிளஸ்டருக்கு வெளியே தனியாக வைத்து, அதன் முகவரியை ஹெல்மின் அமைப்புக் கோப்பில் கொடுத்துவிடுவதே பாதுகாப்பானது.