உண்ணிக்கு எண்ணெயா, மருந்தேற்றிய துணியா?

1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா பகுதியில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணிக்கடியால் பரவுகிறது. டிசம்பர் முதல் மே வரை விறகுக்கும் சருகுக்கும் காட்டுக்குள் போகிறவர்கள் எதை நம்பலாம்?

செலவு: தோலில் தடவும் உண்ணி விரட்டியான டெபா எண்ணெயைக் கர்நாடகச் சுகாதாரத் துறையே இலவசமாகத் தருகிறது. துணியில் ஏற்றும் பூச்சிக்கொல்லியான பெர்மெத்ரின் காசு போட்டு வாங்க வேண்டியது.

தாக்குப்பிடிப்பு: எண்ணெய் சில மணி நேரம்தான், வியர்த்தால் மறுபடி தடவணும். பெர்மெத்ரின் ஏற்றிய துணி பல சலவை தாங்கும், ஏறும் உண்ணியைக் கொன்றும் விடும்.

கவனம்: பெர்மெத்ரின் தோலுக்கானதல்ல. ஈரம் காயும்வரை பூனையை அண்டவிடாதீர்கள், அதற்கு விஷம்.

எப்போதாவது போகிறவருக்கு எண்ணெய் போதும். தினமும் காட்டில் உழைப்பவருக்குத் துணியே என் தேர்வு. கை, கழுத்துக்கு மட்டும் எண்ணெய். திரும்பியதும் வெந்நீரில் குளித்து, அக்குள், இடுப்பு மடிப்புகளைத் தடவிப் பாருங்கள்.