ஆர்கேட் கேபினெட் ஒயரிங் கிட்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மேலூரில் இருக்கும் நண்பன் ஒருவன் பழைய ஆர்கேட் கேபினெட் (காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி) ஒன்றை விலை பேசி முடித்துவிட்டு, "மாப்ள, உள்ள ஒயரெல்லாம் எலி கடிச்சுக் கிடக்கு, நீ போட்டிருக்கிற ரெடிமேட் கிட்டையே வாங்கிரவா?" என்று கேட்டான். அன்றைக்கு மதியம்தான் அதே கிட்டோடு மல்லுக்கட்டிவிட்டு வந்திருந்தேன். போனில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இதே கேள்வியோடு வேறு யாராவது இருந்தாலும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

மதுரை திருநகரில் எங்கள் பேக்கரி மாடியில் இரண்டு கேபினெட் ஓடுகின்றன. சாயங்காலம் பள்ளி விட்டு வரும் பையன்கள், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிறவர்கள். சித்திரைத் திருவிழா சமயத்தில் கூட்டம் அதிகம். இரண்டிலும் விற்றவரே போட்டுக்கொடுத்த ஜாமா ஒயரிங் கிட்தான், அதாவது கேம் போர்டிலிருந்து பட்டன், ஜாய்ஸ்டிக், பவர் சப்ளைக்குப் போகும் ஒயர்களை ஒரே கனெக்டரில் கோத்துத் தரும் ரெடிமேட் கட்டு. நாலைந்து வருடமாக அதை வைத்துக்கொண்டுதான் வண்டி ஓடுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அப்புறம் கோபத்தில் விட்டுப்போகும். அந்தக் கிட்டின் கனெக்டர் அருமை. 1985-ல் ஜப்பானில் ஜாமா என்ற பொது அமைப்பு முறை வந்த நோக்கமே, எந்தக் கம்பெனி போர்டானாலும் கழற்றிவிட்டு இன்னொன்றைச் செருகினால் ஓட வேண்டும் என்பதுதான். பக்கத்துக்கு 28 என்று மொத்தம் 56 இணைப்பு, ஒவ்வொன்றுக்கும் நடுவே 3.96 மி.மீ. இடைவெளி. இந்தக் கனெக்டரில் போர்டை எத்தனையோ தடவை உருவிச் செருகியாகிவிட்டது, இன்றைக்கும் பிடி தளரவில்லை. ஏழாவது இடத்தில் இருக்க வேண்டிய தடுப்புக் கட்டையும் ஒழுங்காக இருக்கிறது. போர்டு தலைகீழாக உள்ளே போகாமல் காப்பது அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டுதான். அது இல்லாமலே விற்கும் கிட்டுகளும் உண்டு, கொஞ்சம் காசு குறைவாக இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். ஒயர் நீளமும் தாராளம், இழுத்துப் பிடித்துக் கட்ட வேண்டிய அவசியமே வரவில்லை.

இப்போது லக்குக்கு, அதாவது ஒயர் முனையில் பொருத்தி சுவிட்சில் செருகும் உலோகப் பிடிக்கு வருகிறேன். என் புகார் முழுக்க லக்கைப் பற்றித்தான்.

பட்டனுக்கு அடியில் இருக்கும் மைக்ரோ சுவிட்சில் ஒயரை மாட்டும் தகடு எங்கள் கேபினெட்டில் 4.8 மி.மீ. அகலம். கிட்டில் வந்த லக் 6.3 மி.மீ. கார் ரிலேயிலும் ஹாரனிலும் மாட்டுவார்களே, அந்த அளவு. பெரிய லக்கைச் சின்னத் தகட்டில் போட்டால் நிற்காது என்பதால், மாட்டிக்கொடுத்தவர் ஒவ்வொன்றையும் கட்டிங் பிளேயரால் நசுக்கி இறுக்கியிருக்கிறார். கடையில் காட்டும்போது நன்றாக வேலை செய்யும். ஆனால் பையன்கள் பட்டனைத் தட்டும் தட்டை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். முஸ்தபா என்று நம் ஊரில் சொல்லும் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் கேமில் அடியையும் ஜம்பையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சுழல் அடி வரும். நாலு பக்கமும் ஆள் சூழ்ந்துகொண்டால் பிழைக்க அதுதான் வழி. ஜம்ப் பட்டனின் லக் ஒரு நூல் அசைந்தாலும் அந்த அடி வராது. பையன் அழுத்தியதை நான் கண்ணால் பார்த்தேன், கேம் பார்க்கவில்லை. காயின் போட்டவன் என்னைத்தானே கேட்பான்?

ரிப்பேருக்கு வந்தவர் சுவிட்சை மாற்றினார். இரண்டு நாள் சரியாக இருந்தது. கழற்றி மாட்டும்போது லக் கொஞ்சம் இறுகியதால் வந்த இரண்டு நாள் அது. அப்புறம் பழைய கதைதான்.

அதைவிட மோசம் கிரவுண்டு ஒயர். எல்லாப் பட்டனுக்கும் ஜாய்ஸ்டிக்கின் நாலு சுவிட்சுக்கும் சேர்த்து ஒரே கிரவுண்டு (மின்சாரம் திரும்பிப் போகும் பொது ஒயர்), ஒரு லக்கிலிருந்து அடுத்த லக்குக்கு என்று மாலை மாதிரி கோத்துக்கொண்டே போகும். அதாவது ஒவ்வொரு லக்கிலும் இரண்டு ஒயர், வருவது ஒன்று, போவது ஒன்று. இந்தத் தடவை நான் பின்கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, இரண்டாவது பிளேயர் பக்கம் ஒரு லக்கில் போகிற ஒயர் உருவிக்கொண்டு தொங்கியது. அதற்கு அப்பால் இருக்கும் அத்தனை பட்டனும் செத்துவிட்டன. வெளியே நின்று பார்ப்பவருக்கு நாலு பட்டன் ஒரே நாளில் கெட்டுப்போனது போலத்தான் தெரியும்.

அந்த லக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். வால் பக்கத்தில் இரண்டு ஜோடிக் காது இருக்கும். முன் ஜோடி செம்பு இழையைப் பிடிக்க வேண்டும், பின் ஜோடி மேல்தோலோடு சேர்த்து ஒயரைப் பிடிக்க வேண்டும். இதில் பின்காது மடங்கவே இல்லை, விரித்தபடி நிற்கிறது. ஒயரை இழுக்கிற இழுப்பெல்லாம் நேராக இழையில் போய் விழுகிறது. தலைமுடி கனத்தில் இருக்கும் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு உயிரைப் பிடித்திருக்கிறது. ஒரு லக்கில் மட்டும் என்றால் கை தவறியது என்று விட்டுவிடலாம். நான் பிரித்துப் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் இப்படித்தான்.

சிம்மக்கல் பக்கம் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் வேலை செய்யும் அண்ணன் ஒருவரிடம் இதைக் காட்டினேன். சால்டர் வைத்துவிடலாமா என்று கேட்டதற்கு, "வேணாம் தம்பி, சால்டர் முடியிற இடத்துல ஒயர் விறைச்சுப் போயிரும், அதிருற வண்டியில சரியா அந்த இடத்துலதான் ஒடியும்" என்றார். லக்கின் காதுகளை மடக்கி அமுக்கும் சரியான கிரிம்பிங் டூலில் 4.8 லக்கை வைத்து அமுக்கி, பலமாக ஒரு இழு இழுத்துக் காட்டினார். வரவில்லை. பெரிய லக் எல்லா ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும், சின்னதை அளவு சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். அவர் சொல்லித்தான் இன்னொன்றும் செய்தேன். கிரவுண்டு மாலையின் கடைசி முனை இந்தக் கிட்டில் சும்மா முடிந்துவிடும். அதிலிருந்து ஒரு ஒயரை எடுத்து ஆரம்ப கிரவுண்டுக்கே திரும்பக் கொண்டுவந்து சேர்த்தேன். இப்போது வளையமாகிவிட்டது. நடுவில் ஒரு இடத்தில் அறுந்தாலும் மறுபக்கமாகக் கிரவுண்டு வந்துவிடும். இதற்கான செலவு சில அடி ஒயர்தான். இத்தனை வருடப் பயன்பாட்டில் எனக்கு மனசு நிறைந்தது இந்த ஒரு ஒயரால்தான். இதைக் கம்பெனியிலேயே செய்து அனுப்ப என்ன கேடு என்று இன்னும் புரியவில்லை.

5 வோல்ட் லைனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே போர்டில் பல கேம் இருக்கும் மல்டி கேம் போர்டு அதிகம் கரண்ட் இழுக்காது, அதனால் பிரச்சினை வெளியே தெரியாது. பழைய ஒரிஜினல் போர்டு போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஜாமாவில் 5 வோல்ட்டுக்கு நாலு இணைப்பு கொடுத்திருப்பது சும்மா இல்லை. 3 ஆம்பியர் இழுக்கும் போர்டுக்குப் பட்டன் ஒயர் கனத்தில், அதாவது சுமார் 0.33 சதுர மி.மீ.யில், ஒற்றை ஒயரை ஒன்றரை மீட்டர் இழுத்தால் போக வர அரை வோல்ட் காணாமல் போய்விடும். போர்டில் இருக்கும் பழைய சிப்புகளுக்கு 4.75-க்குக் கீழே போகக் கூடாது. அதே தூரத்துக்கு 0.75 சதுர மி.மீ. போட்டால் இழப்பு கால் வோல்ட்டுக்குள் நிற்கும், இரண்டு மூன்றாகப் போட்டால் இன்னும் குறையும். மல்டிமீட்டரை எஸ்.எம்.பி.எஸ்.ஸில் (பவர் சப்ளைப் பெட்டியில்) வைத்துப் பார்த்துவிட்டு 5 வருகிறது என்று திருப்திப்படாதீர்கள், போர்டின் மேலேயே வைத்துப் பாருங்கள்.

ஒயர் செம்புதானா என்பதையும் பார்த்துவிடுங்கள். பிளேடால் இழையைச் சுரண்டினால் போதும். வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். தடையும் அதிகம், நாலு தடவை மடக்கினால் ஒடிந்தும்விடும். வெளியே வெள்ளை, உள்ளே செம்பு என்றால் பயப்பட வேண்டாம், அது வெள்ளீயம் பூசிய நல்ல ஒயர். என் கிட்டில் இருந்தது செம்பேதான், அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

கனெக்டர் நன்று, செம்பு நன்று, நீளம் நன்று. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வாங்கலாம் என்றுதான் வர வேண்டும். ஆனால் நண்பனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். திருவிழாக் கூட்டத்தில் கேபினெட்டை நிறுத்திவிட்டுப் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தவனுக்குக் கனெக்டரின் அருமை நினைவுக்கு வராது. ஒயர் பிடித்த கனெக்டரைத் தனியாகவே வாங்கலாம். டவுன் ஹால் ரோட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஒயரை மீட்டர் கணக்கில் எடுத்துக்கொண்டு, சுவிட்சு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்து லக் வாங்குங்கள். ஒரு நாள் வேலை.

அவ்வளவு நேரம் இல்லை, ரெடிமேட்தான் வேண்டும் என்பவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் விற்பவரிடம் இரண்டே படம் கேளுங்கள்: லக்கின் பின்காது மடங்கியிருப்பது தெரிகிற மாதிரி ஒன்று, லக்கை ஸ்கேலில் வைத்து ஒன்று. "எல்லாம் ஸ்டாண்டர்டு சைஸ் சார்" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.