8 அங்குல ஷ்மிட்-காசெக்ரைன்: இரட்டை விண்மீன் அளக்கப் பயன்படுத்தியதில் கண்டது

சர்வீஸுக்குப் போன டெலஸ்கோப் போன மாதம்தான் திரும்பி வந்தது. அதே வாரம் மேலூரிலிருந்து இயற்பியல் ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டார். "சார், 8 அங்குல ஷ்மிட்-காசெக்ரைன் விலை கொஞ்சம் இறங்கியிருக்கு. நீங்க அதுலதானே இரட்டை விண்மீன் அளக்குறீங்க? வாங்கலாமா?" என்று கேட்டார். போனில் முடிகிற பதில் இல்லை. வேறு யாருக்காவதும் பயன்படட்டும் என்று விரிவாக எழுதுகிறேன்.

ஷ்மிட்-காசெக்ரைன் என்பது முன்னால் மெல்லிய கரெக்டர் கண்ணாடியும், உள்ளே ஒளியைப் பிரதிபலிக்கும் இரண்டு கண்ணாடிகளும் கொண்ட டெலஸ்கோப். 203 மி.மீ. விட்டம், எஃப்/10 (குவிய தூரம் விட்டத்தைப் போல் பத்து மடங்கு), குவிய தூரம் 2032 மி.மீ. என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. சனி வளையம் எப்படித் தெரியும், ஓரியன் நெபுலா எப்படித் தெரியும் என்று எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் பேசப்போவது ஒரே ஒரு வேலையைப் பற்றி. ஒட்டி நிற்கும் இரண்டு விண்மீன்களுக்கு இடையே எத்தனை ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600ல் ஒரு பங்கு) இடைவெளி, துணை விண்மீன் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கேமரா வைத்து அளப்பது. அந்த வேலையில் எனக்கும் இந்தக் கருவிக்கும் தீராத சண்டை ஒன்று இருக்கிறது: ஃபோகஸ் திருகு.

இந்த வகை டெலஸ்கோப்பில் திருகைத் திருப்பினால் நகர்வது ஐபீஸோ (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) கேமராவோ அல்ல. உள்ளே இருக்கும் பிரதான கண்ணாடியே முன்னும் பின்னும் நகரும். நடுவில் உள்ள குழாயின் மேல் கண்ணாடி வழுக்கிப் போக வேண்டும். அதற்குக் கொஞ்சம் இடைவெளி தேவை, அதில் கிரீஸ் இருக்கும். திருகுக் கம்பியோ ஒரு ஓரத்தில் மட்டும் தள்ளுகிறது. பழைய மேசை டிராயரை ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு வருமே, அதே கதைதான். திருப்பும் திசையை மாற்றும்போதெல்லாம் கண்ணாடி துளி சாயும். கண்ணாடி 1 மி.மீ. நகர்ந்தால் குவியம் 25 மி.மீ. அளவுக்கு நகரும் அமைப்பு இது. அந்தத் துளிச் சாய்வு கேமராவில் பெரிய தாவலாகத் தெரியும்.

ஐபீஸில் நிலாவைப் பார்ப்பவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அளப்பவருக்குத்தான் வலிக்கும். நான் 2x பார்லோவோடு (குவிய தூரத்தை இரண்டு மடங்காக்கும் லென்ஸ்) 2.9 மைக்ரான் பிக்சல் உள்ள கறுப்பு வெள்ளை கேமராவைப் பயன்படுத்துகிறேன். ஒரு பிக்சலுக்குச் சுமார் 0.147 ஆர்க் செகண்ட். காற்றின் நடுக்கத்தை உறையவைக்க ஒரு ஃபிரேமுக்கு 10 அல்லது 20 மில்லிசெகண்ட்தான் கொடுக்கலாம். வேகமாக எடுக்க வேண்டுமென்றால் சென்சாரின் முழுப் பரப்பையும் பதிவு செய்ய முடியாது, சின்னச் சதுரமாக வெட்டிக்கொள்ள வேண்டும். 512 பிக்சல் சதுரம் என்றால் வானத்தில் 75 ஆர்க் செகண்ட். அந்தச் சதுரத்தின் நடுவில் நிற்கும் விண்மீன், ஃபோகஸைச் சரிசெய்யத் திருகைத் தொட்டதும் 40 ஆர்க் செகண்ட் தாவினால் எங்கே போகும்? சதுரத்துக்கு வெளியே போகும். மறுபடி முழு ஃபிரேமைத் திறந்து, தேடி, நடுவுக்குக் கொண்டுவந்து, வெட்டி, ஃபோகஸ் பார்த்தால் அது ஒரு மயிரிழை தப்பியிருக்கும். திரும்பவும் திருகு, திரும்பவும் தாவல்.

காற்று அடங்கி நிற்கும் நேரம் ஒரு இரவில் சில நிமிடங்கள்தான் வாய்க்கும். அந்த நிமிடங்களை இந்தத் திருகு தின்றுவிடுவதுதான் எனக்குக் கோபம்.

இதோடு முடியவில்லை. விண்மீன் உச்சியைத் தாண்டி மேற்கே சாயும்போது கண்ணாடியின் எடை மறுபக்கம் விழும். அப்போது யாரும் தொடாமலே அது ஒருமுறை அசையும். கொலிமேஷன், அதாவது கண்ணாடிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும் ஒழுங்கு, துளி கலையும், வட்டமாக இருந்த விண்மீன் முட்டை வடிவம் எடுக்கும். 1 ஆர்க் செகண்ட் இடைவெளியுள்ள ஜோடியில் அந்த முட்டை துணை விண்மீனால் வந்ததா, கண்ணாடியால் வந்ததா என்று சந்தேகம் வந்துவிட்டால் அந்தப் பதிவை வைத்துக்கொண்டு பயனில்லை.

அடுத்தது குவிய தூரம். பெட்டியில் 2032 என்று அச்சிட்டிருந்தாலும், கேமராவுக்கு முன்னால் நீங்கள் மாட்டும் ஒவ்வொரு துணைக்கருவியும் அதை மாற்றும். ஃபில்டர் சக்கரம் என்று 20 மி.மீ. கூடினால், கண்ணாடியை முன்னே தள்ளித்தான் ஃபோகஸ் கொண்டுவர முடியும். அப்படித் தள்ளியதில் குவிய தூரம் ஏறத்தாழ 3 சதவீதம் நீண்டுவிடும். படத்துக்கு அழகு குறையாது, அளவுதான் கெடும். கன்னி ராசியில் இருக்கும் போரிமாவை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 169 வருடங்களுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றும் ஜோடி. 2005ல் 0.4 ஆர்க் செகண்ட் அளவுக்கு நெருங்கியிருந்தது, இப்போது 3 ஆர்க் செகண்டைத் தாண்டிவிட்டது. வருடத்துக்குச் சுமார் 0.1 ஆர்க் செகண்ட் விலகுகிறது. 3 சதவீதப் பிழை என்றால் அதுவும் 0.1 ஆர்க் செகண்ட்தான். அதாவது, பழைய அளவுகோலை (ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆர்க் செகண்ட் என்பதை) அப்படியே வைத்துக் கணக்குப் போட்டால், அந்த விண்மீன்கள் ஒரு வருடம் முழுக்க நகர்ந்த தூரம் பிழைக்குள் மறைந்துவிடும்.

ஆகவே எதையாவது கழற்றி மாட்டினால் அன்றைக்கே அளவுகோலைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். நான் செய்வது பழைய முறைதான். மோட்டாரை நிறுத்திவிட்டு விண்மீனைத் தானாக ஓடவிடுவேன். வான நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள விண்மீன் செகண்டுக்கு 15.04 ஆர்க் செகண்ட் ஓடும், என் முழு ஃபிரேமை 19 செகண்டில் கடந்துவிடும். ஓடிய கோட்டின் சாய்விலிருந்து கேமரா எந்தக் கோணத்தில் மாட்டியிருக்கிறது என்பதும் கிடைக்கும். பார்லோவில் 2x என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். சென்சார் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதைப் பொறுத்து அதுவும் மாறும். பிறகு சரிபார்க்க மைசார் இருக்கிறது. கல்யாணத்தில் அருந்ததி காட்டும்போது பக்கத்தில் நிற்கும் வசிட்டர்தான் அது. டெலஸ்கோப்பில் அதுவே இரண்டாகப் பிரியும். இடைவெளி சுமார் 14.4 ஆர்க் செகண்ட், மிக மெதுவாகத்தான் மாறும்.

இந்தச் சண்டைக்கு வைத்தியம் உண்டு. பின்புறத்தில் தனியாக ஒரு கிரேஃபோர்ட் ஃபோகசர் (கண்ணாடியைத் தொடாமல் கேமராவை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்துவது) மாட்டி, பிரதான கண்ணாடியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு அந்தத் திருகைத் தொடவே கூடாது. கேமராவும் பார்லோவும் சேர்ந்தே நகர்வதால் அளவுகோலும் மாறாது. மாட்டிய நாளிலிருந்து தாவல் நின்றுவிட்டது. ஆனாலும் இதை என் காசில் தனியாக வாங்கவைத்தது நியாயமா என்று இன்றுவரை மனசு ஆறவில்லை. கண்ணாடியைப் பூட்டும் வசதியோடு வரும் மாடல்கள் இருக்கின்றன. என்னுடையதில் அது கிடையாது.

சர்வீஸ் கதைக்கு வருகிறேன். மதுரை வெயிலில் சில கோடைகள் கழிந்ததும் உள்ளே கிரீஸ் கெட்டியாகி, திருகு சிக்கிச் சிக்கி நகர ஆரம்பித்தது. வெளியூரில் ஒருவரிடம் அனுப்பினேன். கிரீஸ் வேலையை நன்றாகவே செய்திருந்தார், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முன்னால் இருக்கும் கரெக்டர் கண்ணாடியைக் கழற்றியவர் அதைத் திருப்பி மாட்டியபோது அது இருந்த கோணத்தில் மாட்டவில்லை. கரெக்டரும் மற்ற கண்ணாடிகளும் தொழிற்சாலையிலேயே ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்து வைக்கப்பட்டவை. கோணம் மாறினால் விண்மீன் பிம்பம் கோணிவிடும். விளிம்பில் குறி போட்டுத்தான் அனுப்பியிருந்தேன், அந்தக் குறி கால் வட்டம் தள்ளி இருந்தது. சரி, நானே திருப்பி வைத்துக்கொண்டேன். அனுப்புகிறவர்கள் குறி போடாமல் அனுப்பாதீர்கள், வந்தவுடன் முதலில் அதைப் பாருங்கள்.

டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் மவுன்ட் பற்றியும் ஒரு வார்த்தை. மதுரை 10 டிகிரி வடக்கு அட்சத்தில் இருக்கிறது. இந்தக் கருவிகளோடு வரும் ஈக்வடோரியல் மவுன்ட்கள் (அச்சை வான துருவத்தை நோக்கிச் சாய்த்து வைக்கும் வகை) பல, இவ்வளவு தாழ்வான அட்சத்துக்கு வளைந்து கொடுக்கச் சிரமப்படும், எதிர் எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். நான் இருப்பது நாகமலை அடிவாரம். 10 டிகிரி உயரத்தில் நிற்க வேண்டிய துருவ விண்மீனை மலை மறைத்துக்கொள்கிறது. விண்மீன் நகர்வைப் பார்த்துப் பார்த்தே அச்சைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. வாங்கும் முன் உங்கள் வீட்டிலிருந்து வடக்கு தெரிகிறதா என்று பாருங்கள்.

இனி இந்தக் கருவி எனக்குக் கொடுத்ததைச் சொல்லாவிட்டால் பாவம்.

முதலாவது, ஊர் வெளிச்சம் இந்த வேலையைத் தொடவே இல்லை. சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை நடக்கும் இரவில் நகரத்துப் பக்கம் வானம் வெளுத்துக் கிடக்கும், மேலே ஏறக்குறைய முழுநிலவு வேறு. கேலக்ஸி தேடுபவர்கள் கருவியை மூடி வைத்துவிடுவார்கள். அன்றைக்கு நிலா நிற்பது சித்திரை நட்சத்திரத்தை ஒட்டி. போரிமாவும் அதே கன்னி ராசியில்தான் இருக்கிறது. அந்த வெளிச்சத்திலும் போரிமாவின் இரண்டு புள்ளிகளும் சுத்தமாகப் பதிவாயின. ஏற்காட்டுக்கும் கொடைக்கானலுக்கும் போகாமல், வீட்டு மாடியிலிருந்தே உருப்படியான வானியல் வேலை ஒன்றைச் செய்ய முடிகிறது. இதை நான் சற்றும் எதிர்பார்க்கவில்லை.

மாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் நள்ளிரவுவரை சூட்டைக் கக்கும். சாயங்காலம் தண்ணீர் ஊற்றிவிடுவோம், கருவியை முன்கூட்டியே வெளியே வைத்துவிடுவேன். இரவு 12 மணிக்கு மேல்தான் நம்பகமான பதிவு கிடைக்கிறது. கோடை மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இரவுகள் அருமையானவை. மார்கழியில் வானம் தெளிவாக இருந்தாலும் கரெக்டரில் பனி படியும், ஃபோம் ஷீட்டைச் சுருட்டி முன்னால் மாட்டியே ஆக வேண்டும்.

பதிவு எடுத்தபின் வேலை கணினியில். ஓர் ஜோடிக்கு ஆயிரம், இரண்டாயிரம் ஃபிரேம் எடுத்து, அவற்றில் காற்று கலைக்காத சில சதவீதத்தை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால் இரண்டு கூர்மையான புள்ளிகள் கிடைக்கும். இதை லக்கி இமேஜிங் என்கிறார்கள். ரெடுக் என்ற இலவச மென்பொருளில் அளக்கிறேன். 1 ஆர்க் செகண்டுக்குக் கீழே போனால் இந்த முறை தடுமாறும், அங்கே ஸ்பெக்கிள் முறைதான் கைகொடுக்கும். 1970ல் அந்துவான் லபேரி சொன்ன யோசனை அது: காற்று சிதறடித்த புள்ளிகளைத் தூக்கிப் போடாமல், ஒவ்வொரு ஃபிரேமையும் ஃபூரியே கணக்குக்கு (படத்தை அலைகளாகப் பிரிக்கும் கணிதம்) உட்படுத்திச் சராசரி எடுத்தால் மறைந்திருக்கும் ஜோடி வெளியே வரும். எளிய வகைக் கணக்கில் துணை விண்மீன் இந்தப் பக்கமா, எதிர்ப்பக்கமா என்று 180 டிகிரி சந்தேகம் மிஞ்சும். பழைய அளவீடுகளோடு ஒப்பிட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். 203 மி.மீ. விட்டத்துக்கு டாஸ் எல்லை, அதாவது இரண்டு விண்மீன்களைப் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி, 0.57 ஆர்க் செகண்ட். நல்ல இரவுகளில் அதை நெருங்கிப் போயிருக்கிறது இந்தக் கருவி. ஒளியியலில் குறையே சொல்ல முடியாது.

தெற்கு வானம் நமக்குக் கிடைத்த வரம். கேட்டை நட்சத்திரத்தின் துணை 3 ஆர்க் செகண்டுக்கும் குறைவான தூரத்தில், அதன் பிரகாசத்தில் மூழ்கிக் கிடக்கிறது. ஐரோப்பாவில் கேட்டை அடிவானத்தில் தவழும், இங்கே 53 டிகிரி உயரத்துக்கு வருகிறது. ஆல்பா சென்டாரி இங்கே அதிகபட்சம் 19 டிகிரிதான் ஏறும். அந்தத் தாழ்வில் காற்று நிறங்களைப் பிரித்து விண்மீனைச் செங்குத்தாக இழுத்துவிடும், அகச்சிவப்பு ஃபில்டர் போட்டால் அடங்கும். 2016 வாக்கில் 4 ஆர்க் செகண்ட்வரை நெருங்கியிருந்த ஜோடி இப்போது வருடா வருடம் விலகிக்கொண்டிருப்பதை என் அளவீடுகளிலேயே பார்க்கிறேன். அது இரட்டை என்று 1689ல் கண்டவர் பாதிரியார் ழான் ரிஷோ. வால்மீன் பார்த்துக்கொண்டிருந்தபோது, புதுச்சேரியில். பிறகு சென்னை வானாய்வகத்தில் கேப்டன் ஜேக்கப், 70 ஒஃபியூகி ஜோடியின் அளவீடுகளில் இருந்த பிசகைப் பார்த்து, அங்கே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பொருள் இருக்கலாம் என்று 1855ல் சொன்னார். அது பின்னால் நிலைக்கவில்லை. 0.1 ஆர்க் செகண்டுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு அந்த விவகாரமே பதில். அதே 70 ஒஃபியூகி மதுரையில் ஏறக்குறைய உச்சிக்கே வருகிறது, நான் ஒவ்வொரு வருடமும் அளக்கிறேன்.

இவ்வளவு கொடுத்த கருவியை வாங்கச் சொல்வேனா என்றால், மேலூர் ஆசிரியருக்கு என் பதில்: இந்த விலைக்கும் வேண்டாம். கண்ணாடிப் பூட்டு இல்லாத மாடலை, அளப்பதற்கென்றே வாங்காதீர்கள். தனி ஃபோகசரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இறங்கிய விலை மறுபடி ஏறிவிடும். அதே காசில் அதே விட்டமுள்ள நியூட்டோனியன் (பிரதான கண்ணாடி குழாயின் அடியில் நிலையாக நிற்கும் வகை), நல்ல மவுன்ட்டோடு கிடைக்கும். அதில் கண்ணாடி நகராது. குழாய் நீளம், காற்றில் ஆடும், அதைச் சமாளிக்கலாம்.

இல்லை, பழையது ஒன்று சல்லிசாக வருகிறது என்றால், காசு கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பிரகாசமான விண்மீன் ஒன்றை அதிக உருப்பெருக்கத்தில் நடுவில் வையுங்கள். திருகை ஒரு பக்கம் அரைச் சுற்று, மறுபக்கம் அரைச் சுற்று திருப்புங்கள். விண்மீன் இருந்த இடத்திலேயே ஊதி ஊதிச் சுருங்கினால் பேசலாம். பக்கவாட்டில் வியாழனின் வட்டத்தளவு தாவினால், விற்பவர் எவ்வளவு குறைத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.