ஹாலாங் விரிகுடாவில் ஓர் இரவு: எந்தக் கப்பல், எந்த அறை?

வியட்நாமின் ஹாலாங் விரிகுடாவில் கப்பலில் தங்கும் பயணத்துக்கான விளம்பரத்தில் ‘இரண்டு நாள், ஒரு இரவு’ என்றுதான் போட்டிருப்பார்கள். கையில் கிடைப்பது ஒரு நாள்கூட இல்லை. நண்பகலில் ஏறினால் மறுநாள் காலை பத்து மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். ஹனோயிலிருந்து விரைவுச்சாலையில் துறைமுகத்துக்கு இரண்டரை மணி நேரம்.

காசு அறையைப் பொறுத்துதான் மாறும். கீழ்த்தளத்தில், அதுவும் பின்பக்கம் வேண்டவே வேண்டாம். இரவில் கப்பல் நங்கூரமிட்டு நின்றாலும் ஏசிக்காக ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கட்டில் சட்டம் வரை அந்த அதிர்வு வரும். மேல்தளத்தில் முன்பக்க அறையாகக் கேளுங்கள். பால்கனி இருந்தால் நல்லது, ஆனால் பக்கத்துக் கப்பலின் விளக்கும் சேர்ந்தே தெரியும்.

சுங் சோட் குகை, டி டாப் தீவு என்ற வழக்கமான பாதையில் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். டி டாப்பில் நானூறுக்கும் மேற்பட்ட படிகள். முழங்கால் வலிக்காரர்கள் கரையிலேயே இருந்துவிடலாம். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு பக்கத்து விரிகுடாக்களான லான் ஹா அல்லது பாய் டு லாங் பக்கம் போகும் கப்பலே சரி. பாறைகளும் பச்சைத் தண்ணீரும் அங்கேயும் அதேதான்.

சைவம் என்றால் முன்பதிவிலேயே எழுதிக் கொடுங்கள். கீரை வதக்கலில்கூட மீன் சாறு ஊற்றுவார்கள். பானங்களுக்குப் பெரும்பாலும் தனி பில்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை புயல் எச்சரிக்கை வந்தால் துறைமுக நிர்வாகமே பயணத்தை நிறுத்திவிடும். பணம் எப்படித் திரும்பும் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். பாஸ்போர்ட் அசல் கட்டாயம்.