பத்துப் பேர், ஒரு வேன், க்ரூகர்: எங்கள் கணக்கு நோட்டு சொல்வது

ஆள் சேரச் சேரத் தலைக்கு ஆகும் செலவு குறையும் என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து குடும்பங்களாகச் சேர்ந்து க்ரூகர் தேசிய வனவிலங்குப் பூங்காவுக்குப் பல வருடங்களாகப் போய்வரும் எங்கள் கூட்டத்தின் நோட்டைப் புரட்டினால் அது பாதிதான் உண்மை. பத்துப் பேர் வரை குறைகிறது. பத்தைத் தாண்டினால் மறுபடி ஏறத் தொடங்கிவிடுகிறது.

காரணம் முதலில் வண்டி. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, ஓட்டுநரையும் சேர்த்து 12 பேரோ அதற்கு மேலோ ஏற்றும் வண்டிக்குச் சாதாரண லைசென்ஸ் போதாது. தொழில்முறை ஓட்டுநருக்கான தனி அனுமதி வேண்டும். எங்களில் யாரிடமும் அது இல்லை. 14 சீட் டொயோட்டா குவாண்டம் வேன் எடுத்தால் டிரைவரையும் அமர்த்த வேண்டும். அவருக்குச் சாப்பாடு, படுக்கை, பூங்காவின் தினக் கட்டணம் எல்லாம் நம் தலையில். சரி, இரண்டு வண்டி எடுக்கலாம் என்றால் எண்ணெய்ச் செலவும் சுங்கமும் இரட்டிப்பு. பணத்தை விடுங்கள், பூங்காவுக்குள் இரண்டு வண்டியாகப் போனால் ஒரு வண்டிக்குச் சிங்கம் கண்ணில் படும், அடுத்த வண்டிக்கு வெறும் இம்பாலா மான். அன்று ராத்திரி முழுக்க வீட்டில் நடக்கும் பஞ்சாயத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. 10 சீட் வேனும் சாமானுக்கு ஒரு சின்ன டிரெய்லரும் என்று ஏற்பாடு செய்துகொண்ட பிறகுதான் எங்களுக்கு நிம்மதி.

எங்கள் கூட்டம் மூன்று குடும்பம். இரண்டு, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவை. மூன்றாவது, டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதிக் குடும்பம். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்தவர்கள். அந்த வீட்டு ஆண்ட்டிதான் எங்களுக்கு ஸ்டோக்வெல் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார். ஊர்ச் சீட்டு மாதிரிதான், ஆனால் ஏலமும் தள்ளுபடியும் கிடையாது; மாதாமாதம் எல்லோரும் போட்டு, ஒரு காரியத்துக்காக மொத்தமாக எடுப்பது. இங்கே வங்கிகளே இதற்கென்று தனிக் கணக்கு தருகின்றன.

பயணத்துக்கு ஸ்டோக்வெல் ஏன் என்றால், க்ரூகரில் தங்குமிடத்துக்கு ஏறக்குறைய 11 மாதம் முன்பே பதிவு திறந்துவிடும். செப்டம்பர் விடுமுறைக்கு முந்தைய வருட அக்டோபரிலேயே பணம் கையில் இருக்க வேண்டும். டிசம்பர் போனஸ் வரட்டும் என்று காத்திருந்தால் பூங்காவுக்குள் இருக்கும் லோயர் சாபி முகாமில் ஒரு கட்டில்கூட மிஞ்சாது. 2023 முதல் நாடு முழுக்க அரசுப் பள்ளிகளுக்கு ஒரே காலண்டர் ஆகிவிட்டதால் எல்லா மாகாணமும் ஒரே வாரத்தில் கிளம்புகிறது. நெருக்கடி இன்னும் கூடியிருக்கிறது.

யார் எவ்வளவு போடுவது என்பதில் ஆரம்பத்தில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. வீட்டுக்கு இவ்வளவு என்றால் ஒற்றைப் பிள்ளை வீட்டுக்கு நஷ்டம். பூங்காவின் விதியையே எடுத்துக்கொண்டோம்: 2 வயதுக்குள் இலவசம், 11 வயது வரை குழந்தைக் கட்டணம், 12 ஆனால் பெரியவர். பூங்காவே சொல்லும்போது யாரும் யாரையும் கோபித்துக்கொள்ள முடியாது, பாருங்கள்.

அடுத்தது கட்டில் கணக்கு. இதில்தான் பணம் ஒளிந்திருக்கிறது. ஆறு கட்டில் உள்ள குடும்பக் காட்டேஜின் விலை பெரும்பாலும் நாலு பேருக்கான அடிப்படை விலை. ஐந்தாவது, ஆறாவது ஆளுக்குத் தனியாகக் கூடும். கூடும் தொகை சிறியதுதான், தனி பங்களா எடுப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. இரண்டு காட்டேஜ் எடுத்தால் 12 கட்டில், பத்துப் பேர் தாராளமாகப் படுக்கலாம், இரண்டு சமையலறை. ஆளுக்கொரு குடில் என்று தனித்தனியாக எடுத்தால் செலவும் கூடும், பொதுச் சமையலறையில் அடுப்புக்கு வரிசையில் நிற்கவும் வேண்டும்.

பூங்காக்களின் வருடாந்திர அட்டையான வைல்ட் கார்டு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வாங்கிய நாளிலிருந்து 365 நாளுக்குத் தினக் கட்டணம் கட்ட வேண்டாம். தங்கும் செலவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குடும்ப அட்டையில் இரண்டு பெரியவர், ஐந்து பிள்ளைகள் வரை. வருடத்தில் ஒரு வாரமாவது பூங்காவுக்குள் இருப்போம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கதை வேறு. வெளிநாட்டவருக்குத் தினக் கட்டணம் இங்குள்ளவர்களைவிடப் பல மடங்கு, அவர்களுக்கான அட்டையும் அதற்கேற்ற விலை. மூன்று நாள் சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு அட்டை கட்டுப்படியாகாது, தினக் கட்டணத்தையே கட்டிவிடுங்கள். இங்கே குடியிருப்பு உரிமை உள்ளவர்கள் அதற்கான அடையாள அட்டையைக் காட்டினால் உள்ளூர்க் கட்டணம்தான். அதை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் வாசலில் பேசிப் பயனில்லை.

எங்களுக்குப் பிடித்த காலம் செப்டம்பர் கடைசி. மழை இன்னும் தொடங்கியிருக்காது, புதர் வாடிக் கிடக்கும், விலங்குகள் தண்ணீரைத் தேடி ஆற்றோரம் வரும். லோயர் சாபிக்குப் பக்கத்தில் சன்செட் அணை என்று ஒரு குளம்; வண்டியைக் கரையோரம் நிறுத்திவிட்டு எஞ்சினை அணைத்தால் போதும், நீர்யானையும் முதலையும் ஜன்னலுக்கு வெளியே. காசு கொடுத்து எந்தச் சஃபாரியும் வேண்டாம். ஆனால் அது புரட்டாசி மாதம். சாட்ஸ்வொர்த் குடும்பம் புரட்டாசியில் கறி தொடாது, டர்பன் தமிழர்களில் பலர் அப்படித்தான். அதே வாரத்தில்தான் செப்டம்பர் 24, பாரம்பரிய தினம், நாடே பிராய், அதாவது கரி நெருப்பில் கறி சுடுவது, போடும் நாள். பக்கத்துக் காட்டேஜிலிருந்து ஆட்டுக்கறி வாசனை மிதந்து வர, எங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆண்ட்டி இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். பூங்காவின் பிராய் கம்பியைத் தொடவே மாட்டார். மாட்டுக்கறி பட்ட கம்பி என்று வீட்டிலிருந்தே புதிய கம்பி வலை இரண்டு கொண்டுவருவார். ஒன்றில் நீல நூல் கட்டியிருக்கும், அது சைவம். அதன்மேல் மக்காச்சோளம், பட்டர்நட் பூசணித் துண்டு, மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிய பனீர். கரி நெருப்பு தணிந்து சாம்பல் பூத்த பிறகுதான் வலையை வைப்பார். அதற்குமுன் யாராவது அவசரப்பட்டால் “டேய் கண்ணா, நெருப்பு இன்னும் கோபத்துல இருக்கு” என்று இடுக்கியால் கையைத் தட்டிவிடுவார். நாங்கள் அசைவக்காரர்கள் அன்று அடக்கி வாசிப்போம்.

சமையல் செலவில்தான் குழுவின் லாபம் பச்சையாகத் தெரியும். பூங்கா உணவகத்தில் பத்துப் பேர் ஒரு வேளை சாப்பிடும் பில்லுக்கு, டர்பனில் வாங்கிய அரிசி பருப்பு காய்கறியில் இரண்டு நாள் ஓட்டிவிடலாம். இட்லி மாவை மட்டும் கொண்டுபோகாதீர்கள். லோவெல்டு எனப்படும் இந்தத் தாழ்நில வெயிலில், கூலர் பாக்ஸுக்குள் ஐஸ் இருந்தாலும், பொங்கி வழிந்து டிரெய்லர் முழுக்கப் புளித்த வாசனை. புளிக்காய்ச்சலும் ரவையும் போதும். குரங்குக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துங்கள். திருட வரும்போது வர்வெட் குரங்கு சத்தமே போடாது. மேசையில் ரொட்டிப் பொட்டலம் இருந்தது என்று நினைத்துத் திரும்பினால் கூரை விளிம்பில் அது உட்கார்ந்து பொட்டலத்தின் பிளாஸ்டிக்கை ஒழுங்காக உரித்துக்கொண்டிருக்கும்.

முதல் நாளை எங்கே தங்குவது என்பதும் காசு விஷயம்தான். டர்பனிலிருந்து போங்கோலா, பீட் ரெட்டீஃப் வழியாகப் பூங்காவின் மலேலானே வாசலுக்கு 700 கிலோமீட்டர் வாக்கில் வரும். விடிவதற்குள் கிளம்பினாலும் பிள்ளைகளோடு நாள் முழுக்க ஆகிவிடும். செப்டம்பரில் வாசல் மாலை 6 மணிக்கு மூடும். உள்ளே தார்ச் சாலையில் வேகம் 50 கிலோமீட்டருக்கு மேல் கூடாது, மண் சாலையில் 40. அன்றே உள்ளே தள்ளியிருக்கும் ஸ்குகூசா முகாம் வரை ஓட நினைத்தால் வேகத்துக்கு அபராதமோ தாமதத்துக்கு அபராதமோ ஏதோ ஒன்று உறுதி. மலேலானே வாசலிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கும் பெர்க்-என்-டால் முகாமில் முதல் இரவைப் போடுங்கள்.

மாலை நேரத்தில் பூங்காக்காரர்களே ஏற்றிப்போகும் திறந்த லாரிப் பயணம் நன்றாக இருக்கும், ஆனால் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஏற்றமாட்டார்கள். கால்நடையாகப் போகும் காலைப் பயணத்துக்கு 12 வயது ஆகியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள கூட்டத்தில் யாராவது ஒருவர் தங்கிவிட வேண்டும். முறை வைத்துக்கொள்ளாவிட்டால் ஒவ்வொரு தடவையும் அது ஒரே அம்மாவின் தலையில்தான் விழும்.

வாடகை வண்டியில் எங்களுக்கு ஒரு மனக்கசப்பு உண்டு. ஒரு நிறுவனம், கண்ணாடியில் ஏற்கெனவே இருந்த அரிசி அளவுக் கீறலுக்கு எங்கள் முன்பணத்திலிருந்து பிடித்துக்கொண்டது. எழுதிக்கேட்டும் பதில் மழுப்பலாகவே வந்தது. அன்றிலிருந்து சாவி வாங்கும் முன் கண்ணாடி, டயர், உதிரி டயர் எல்லாவற்றையும் அவர்கள் ஆள் பக்கத்தில் நிற்க வீடியோ எடுக்கிறோம். மண் சாலைச் சேதத்துக்குக் காப்பீடு உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்த பிறகுதான் கையெழுத்து.

மூன்று நாளுக்குக் குறைவான விடுமுறை என்றால் க்ரூகர் வேண்டாம். பாதி நேரம் ரோட்டிலேயே கழியும். டர்பன்காரர்களுக்கு ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி வனவிலங்குப் பூங்கா மூன்று, மூன்றரை மணி நேரத்தில் வந்துவிடும், காண்டாமிருகம் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அது குவாசுலு-நேட்டால் மாகாணத்தின் வனவிலங்கு அமைப்பான எசெம்வெலோவின் நிர்வாகம். அங்கே பதிவு வேறு, கட்டணம் வேறு. க்ரூகர் பதிவுத் தளத்தில் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.