ஃபிராக்பிட் பொட்டலம்: நிழல் நன்று, பெயர்ச்சீட்டு சரியில்லை

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளுள் ஒன்றில், 'அமேசான் ஃபிராக்பிட்' என்று எழுதி ஒட்டிய மிதவைத் தாவரப் பொட்டலம் ஒன்றை வாங்கினேன். என் மீன்தொட்டியில் எல்.இ.டி விளக்கின் வெளிச்சத்துக்கு அஞ்சி மூலையில் ஒதுங்கிக் கிடந்த ஃபைட்டர் மீனுக்கும், இலைகளில் பாசி படிந்துகொண்டே இருந்த அனுபியாஸ் செடிக்கும் நிழல் தேவைப்பட்டது.

செடிகள் அழுகாமல் பசுமையாகவே இருந்தன. பொட்டலம் கட்டிய முறையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால், வெள்ளைத் தட்டில் நீர் ஊற்றிப் பரப்பிப் பார்த்தபோது, ஃபிராக்பிட்டுடன் சால்வினியா, டக்வீடு என்னும் வேறு மிதவைச் செடிகளும் கலந்திருப்பது தெரிந்தது. இது சிறிய குறையன்று.

ஃபிராக்பிட்டின் வட்ட இலை மேற்புறம் வழவழப்பாக இருக்கும். இளம் செடியின் இலையைத் திருப்பினால், அடிப்புறத்தின் நடுவே காற்றறைகள் நிறைந்த பஞ்சுபோன்ற புடைப்பைக் காணலாம். சால்வினியா ஒரு பெரணி வகை. அதன் மிதக்கும் இலைகள் இணையிணையாக அமைந்து, மேற்புறத்தில் நுண்மயிர்கள் அடர்ந்திருப்பதால் நீர்த்துளிகள் ஒட்டாமல் உருண்டோடும். கீழே வேர்போலத் தொங்குவது, நார்நாராகப் பிரிந்த மூன்றாவது இலையே. அந்த நுண்மயிர்களின் நுனிகள் கூண்டுபோல ஒன்றுகூடியிருப்பது உருப்பெருக்கியில் தெரிந்தால், அது பெரும்பாலும் சால்வினியா மொலெஸ்டா. தென் அமெரிக்காவிலிருந்து வந்து, கேரளத்தில் 'ஆப்பிரிக்கன் பாயல்' என்ற பெயரில் காயல்களையும் வயல்களையும் மூடிய களை இதுவே. இத்தகைய செடியை வேறு பெயரில் விற்பதை நான் ஏற்கமாட்டேன். டக்வீடை அடையாளம் காண்பது எளிது: மிகச் சிறிய பச்சைத் தட்டு, அதன் அடியில் ஒரே ஒரு வேர். ஆனால் சில துணுக்குகள் தப்பினாலும் விரைவில் தொட்டி முழுவதும் பரவிவிடும் என்பதால், ஃபிராக்பிட்டின் வேர்களுக்கிடையே ஒளிந்திருப்பவற்றையும் அலசி அகற்றியாக வேண்டும்.

பிரித்தெடுத்த ஃபிராக்பிட் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே பயன்பட்டது. காற்றிலிருந்தே கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் வேகமாக வளர்ந்து, மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டையும் உறிஞ்சுகிறது. பாசி குறைந்தது, ஃபைட்டர் மீன் தொங்கும் வேர்களுக்கிடையே உலவி, இலையடியில் நுரைக்கூடும் கட்டியது.

இதற்குச் சில ஏற்பாடுகள் வேண்டும். ஃபில்டரின் நீர் வேகமாக விழும் இடத்தில் இலைகள் மூழ்கி அழுகிவிடும். ஏர் டியூபை (காற்றுக் குழாயை) வளையமாக இணைத்து மிதக்கவிட்டால் செடிகள் ஒரு பக்கமாகவே நிற்கும். மூடி இறுக்கமாக இருந்தால், அதிலிருந்து சொட்டும் நீரும் இலைகளைக் கெடுக்கும். நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் பரவவிடாமல் வாரந்தோறும் அள்ளிவிட வேண்டும், இல்லையேல் காற்றுப் பரிமாற்றம் குறையும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்றவை இந்த நிழலில் செழிக்கும். அதிக வெளிச்சம் கேட்கும் சிவப்புத் தண்டுச் செடிகள் வைத்திருப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை.

செடிக்கு முழு மதிப்பெண் தருவேன். கட்டிவைத்த பொட்டலத்துக்குத் தரமாட்டேன். கடைத் தொட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி, இலையைத் திருப்பிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். அள்ளியெடுக்கும் மிகுதியை ஏரியிலோ கால்வாயிலோ ஒருபோதும் கொட்டாமல், வெயிலில் நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.